ஆய்வாளரகத்துக்குப் பொருள் எழுதியவர்

அகராதி எழுதுகிறவர்கள் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு. ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர்களிடமே போய்க் கேட்பது. குதிரையிடம் கேட்டுவிட்டா குதிரைக்குப் பொருள் எழுதுகிறோம்? ஆனால் அகராதித் துறையில் ஒரு விதி இருந்தது. அரசு அமைப்பு எதையாவது குறிக்கும் சொல் வந்தால், அச்சுக்குப் போகுமுன் அந்த அமைப்பின் இசைவைப் பெற வேண்டும். குதிரைகளுக்கு இந்தச் சலுகை இல்லை.

நம் கதாநாயகரை அலுவலகத்தில் எல்லாரும் அகராதிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். பல வருஷம் 'அ'வில் கிடந்து உழன்றுவிட்டு அப்போதுதான் 'ஆ'வுக்கு வந்திருந்தார். சாது. யாராவது முறைத்தால் அவர்கள் முறைப்பதற்குத் தாமே காரணம் என்று நினைத்துக்கொள்கிற சுபாவம். அவர் மேஜைக்கு ஒரு நாள் 'ஆய்வாளரகம்' என்ற சொல் வந்து சேர்ந்தது. ஐந்து நிமிஷத்தில் எழுதி முடித்தார்:

'ஆய்வாளர்கள் அடங்கிய அரசு அமைப்பு. இடங்களை நேரில் பார்த்து, குறை இருந்தால் கண்டுபிடித்து, சரிசெய்ய வைப்பது. எடுத்துக்காட்டு: படி உடைந்திருப்பதை ஆய்வாளரகம் கண்டுபிடித்தது.'

எடுத்துக்காட்டில் படி வந்ததற்குக் காரணம் அவருடைய தங்கை. அவள் ஒரு மாடியில் குழந்தைகள் காப்பகம் நடத்திவந்தாள். வேலைக்குப் போகிற பெற்றோர் காலையில் விட்டுவிட்டுப் போய் மாலையில் வந்து அழைத்துக்கொள்வார்கள். முன்பக்கத்துப் படிக்கட்டை வீட்டுக்காரர் தம்முடைய பிளைவுட் கிடங்குக்கென்று அடைத்துக்கொண்டுவிட்டதால், பிள்ளைகள் எல்லாம் பின்பக்கத்து இரும்புப் படிக்கட்டில்தான் ஏறி இறங்க வேண்டும். அது துருப்பிடித்துப் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. ஒருவர் மேலே ஏறினால் கீழே நிற்கிறவருக்கு அது ஆடுவது தெரியும். வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் ஒன்றும் சண்டைக்காரர் இல்லை, சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்.

"நீ ஆடுதுங்கறே, நான் ஆடலங்கறேன். இது முடியற பேச்சாம்மா? இன்ஸ்பெக்ஷன் ஆபீஸ்லேருந்து வந்து கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். மறுநாளே புதுசு போட்டுத் தர்றேன்."

அவளும் ஆய்வாளரகத்துக்கு மனு மேல் மனுவாக எழுதிப் போட்டாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் "நான் பாத்துக்கறேன்மா" என்றார். ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனசாட்சி உறுத்தி, கைப்பிடி கழன்ற இடத்தைக் கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டிவிட்டு வந்தார். அதிலிருந்து உறுத்தல் இன்னும் கூடிப்போயிற்று. பிள்ளைகள் நம்பிக்கையாகப் பிடித்துக்கொண்டு இறங்குவது இப்போது அவர் சுற்றிய கம்பியை அல்லவா! அவருக்கோ தம் செருப்பு வாரைக்கூட ஒழுங்காகத் தைக்கத் தெரியாது.

ஆகவே இசைவு கேட்டுப் போகும் சாக்கில் தங்கையின் மனுவைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று அவர் கிளம்பினார்.

படிக்கட்டுகள், ஏணிகள் மற்றும் கைப்பிடிகள் ஆய்வாளரகம் என்பது அதன் முழுப்பெயர். மாடியே இல்லாமல் ரயில் பெட்டி போல நீளமாகக் கிடந்தது கட்டடம். வாசலில்கூடப் படி வைக்காமல் சிமெண்ட்டைச் சரிவாகப் பூசியிருந்தார்கள். அகராதிக்காரர் அதை வியந்து பார்ப்பதைக் கண்டு காவலாளி விளக்கம் சொன்னான்.

"படின்னு ஒண்ணு இருந்தா யாராவது ஆய்வு பண்ணணுமே சார்."

இயக்குநர் அவரை அன்போடு வரவேற்று உட்காரவைத்தார். தங்கள் அமைப்பு அகராதியில் ஏறப்போகிறது என்றதும் அவருக்கு முகம் பூரித்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பொருள் எழுதிய சீட்டைக் கையில் வாங்கினார். ஒரு வரி வாசித்தார். பூரிப்பு போன இடம் தெரியவில்லை. மணியை அடித்து மேலாய்வாளரைக் கூப்பிட்டார். மேலாய்வாளரும் வாசித்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், வீட்டில் இழவு விழுந்த மாதிரி.

"யார் சொன்னாங்க இப்படி?" என்றார் இயக்குநர் மெல்லிய குரலில்.

"யாரும் சொல்லல சார். பொதுவா ஜனங்க அந்த அர்த்தத்துலதான்..."

"ஜனங்க! ஜனங்க ஆயிரம் சொல்லுவாங்க. குறை, குறைன்னு எழுதியிருக்கீங்களே, உங்களுக்கு எங்க மேல என்ன கோபம்?"

அகராதிக்காரர் திருதிருவென்று விழித்தார். உண்மையிலேயே கோபம் இருக்கிறதோ என்று தம்மைத்தாமே ஒரு தடவை சோதித்துப் பார்த்தார்.

"இங்க பாருங்க," என்று இயக்குநர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு படிக்கட்டுல நாங்க குறை கண்டுபிடிச்சோம்னு வைங்க. என்ன அர்த்தம்? போன தடவை போனப்போ தூங்கிட்டோம்னு அர்த்தம். போன தடவை போகவே இல்லேன்னா, ஏன் போகலன்னு கேள்வி வரும். ஆக, குறை கண்டுபிடிக்கிற ஆய்வாளரகம் தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குது. இந்த ஆபீஸ் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரே ஒரு குறையைக்கூட நாங்க கண்டுபிடிச்சதில்ல. வேற எந்தத் துறை இப்படி நெஞ்சை நிமித்திச் சொல்லும், சொல்லுங்க பார்ப்போம்?"

"ஒரு தடவை கண்டுபிடிச்சோமே சார்," என்றார் மேலாய்வாளர்.

"அவனை மாத்திட்டோமே," என்றார் இயக்குநர்.

சீட்டை அன்றைக்கே திருத்தித் தர முடியாது, முறைப்படி அமர்வில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. தங்கையின் மனுவைப் பற்றிக் கேட்க அகராதிக்காரர் வாயைத் திறந்தார். இந்த நேரத்தில் கேட்டால் நன்றாக இருக்காது என்று தோன்ற, வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு எழுந்து வந்தார்.

மனுக்களுக்குப் பதில் போட நேரமில்லாத அந்த அலுவலகத்தில் இந்த ஒரு சீட்டுக்கு மட்டும் நேரம் தாராளமாக இருந்தது. முதல் அமர்வில் 'நேரில்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நேரில் என்றால் யார் நேரில்? ஆய்வாளர் போகலாம், ஆய்வாளரகம் எப்படிப் போகும்? கட்டடத்தைத் தூக்கிக்கொண்டா போவது? அடித்தார்கள். இரண்டாம் அமர்வில் 'பார்த்து' மாட்டிக்கொண்டது. பார்ப்பது கண்ணுள்ள மனிதன் செய்கிற காரியம், அமைப்புக்குக் கண் கிடையாது என்று ஒருவர் உருக்கமாகப் பேசினார். மற்றவர்கள் மேஜையைத் தட்டி வரவேற்றார்கள். அதையும் அடித்தார்கள். 'சரிசெய்ய வைப்பது' வந்தபோது மேலாய்வாளருக்கு ஆத்திரமே வந்துவிட்டது.

"அப்படி எழுதிட்டா நாளைக்கு எவனாவது வந்து அதைச் செய்ங்கன்னு கேப்பான் சார்! அச்சுல இருக்குன்னு காட்டுவான்!"

ஒவ்வோர் அமர்விலும் அகராதிக்காரர் சுவரோரமாகப் போடப்பட்ட முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இசைவு தருகிறவர்கள் பேசும்போது இசைவு கேட்கிறவர் பேசக் கூடாது என்பது அங்கே வழக்கம். நடுவில் தேநீர் கொடுத்தார்கள். தேநீர் நன்றாக இருந்தது. அதைக் குடித்ததற்காகவும் அவருக்குப் பின்னால் குற்றவுணர்வு ஏற்பட்டது. அந்த நேரத்தில் தங்கை ஒரு குழந்தையை இடுப்பிலும் இன்னொன்றைக் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு அந்தப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருப்பாள்.

எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கென்றே தனி அமர்வு போட்டார்கள்.

"படி உடைஞ்சிருக்கிறதை ஆய்வாளரகம் கண்டுபிடிச்சதுன்னு எழுதியிருக்கீங்க. இது எங்க நடந்தது?" என்றார் இயக்குநர்.

"எங்கயும் நடக்கல சார். எடுத்துக்காட்டுதான்."

"நடக்காததை எப்படி எடுத்துக்காட்டா போடுவீங்க? அகராதி புளுகலாமா?"

நியாயமான கேள்விதான் என்று அகராதிக்காரருக்குப் பட்டது. அதுதான் அவரிடமிருந்த கோளாறு. யார் உரத்துக் கேட்டாலும் அவருக்கு நியாயமாகப் பட்டுவிடும். ஆனாலும் அன்றைக்கு எங்கிருந்தோ கொஞ்சம் துணிச்சல் வந்தது.

"நடந்திருக்கணும் சார். என் தங்கச்சியோட காப்பகத்துல படிக்கட்டு ஒண்ணு இருக்கு. குழந்தைங்க ஏறுற படி. எத்தனையோ மனு போட்டுட்டா. ஒருத்தர் வந்து பாத்தா போதும். கெட்டுப்போச்சுன்னு சொன்னா வீட்டுக்காரர் மாத்திடுவார்."

இயக்குநர் எழுந்து வந்து அவர் தோளில் கையை வைத்தார்.

"உங்க தங்கச்சியா? என்ன சார் நீங்க, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? நாம என்ன வேத்து ஆளா?"

அதன் பிறகு எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நடந்தது. ஆய்வாளரகம் அடுத்த வாரமே தங்கையின் காப்பகத்துக்கு வரும். முழுக் குழுவும் வரும், இயக்குநரே தலைமை தாங்குவார். பதிலுக்கு அகராதிக்காரர் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். அமர்வில் அடித்தது போக மிஞ்சியதை வைத்து ஒரு நல்ல வாக்கியம் எழுதித் தந்தால் போதும். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

அவர் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஒரு பக்கம் பிள்ளைகள், ஒரு பக்கம் வெறும் சொல். அகராதியில் ஆயிரக்கணக்கில் சொற்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று கொஞ்சம் கோணலாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அகராதியை எடுத்து 'ஆய்வாளரகம்' என்று தேடிப் பார்க்கிற பிறவி உலகத்தில் ஒன்று இருக்குமா? இப்படியெல்லாம் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதினார்:

'ஆய்வாளரகம்: ஆய்வு நடந்தது எனக் கருதப்படுவதற்கு உரிய அரசு அமைப்பு. எடுத்துக்காட்டு: ஆய்வாளரகம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.'

இயக்குநர் வாசித்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"இத்தனை வருஷமா நாங்க செய்யறது இதைத்தான். சொல்லத்தான் தெரியல," என்றார்.

ஆய்வு நாள் வந்தது. தங்கை முதல் நாளே தூங்கவில்லை. அண்ணன் ஒரு காரியத்தைச் சொல்லி அதைச் செய்தும் காட்டிவிட்டார் என்பதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணா, நீ மட்டும் இல்லேன்னா..." என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் வேறு பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஆய்வாளரகம் இரண்டு வேனில் வந்து இறங்கியது. எல்லாரும் கொல்லைப்புறத்தில், படிக்கட்டிலிருந்து நல்ல தூரத்தில், அரைவட்டமாக நின்றார்கள். ஒருவர் கையில் அளவுகோல் இருந்தது, உறைக்குள். இயக்குநர் வானத்தைப் பார்த்தார், பூமியைப் பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தொடங்கலாம்," என்றார்.

மேலாய்வாளர் தங்கையின் பக்கம் திரும்பினார். "படிக்கட்டு இருக்கா?"

அவளுக்குப் புரியவில்லை. "தோ, உங்க முன்னாடிதானே சார் இருக்கு."

"நாங்க கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. இருக்கா?"

"இருக்கு. ஆனா ஆடுது சார்."

"இருக்குங்கறது தகவல். ஆடுதுங்கறது உங்க கருத்து. தகவலை எழுதிக்கப்பா. கைப்பிடி இருக்கா?"

"இருக்கு, கம்பி வச்சுக் கட்டியிருக்கு."

"கைப்பிடி இருக்கு. கூடுதலாக் கம்பியும் இருக்கு," என்று மேலாய்வாளர் திருத்தமாகச் சொன்னார். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார்.

தங்கைக்குப் பொறுக்கவில்லை. "சார், ஒரு தடவை ஏறிப் பாருங்களேன். ரெண்டு படி ஏறினா போதும், உங்களுக்கே தெரிஞ்சிடும்."

அரைவட்டம் ஓர் அடி பின்வாங்கியது. இயக்குநர் பொறுமையாகச் சிரித்தார்.

"ஏறக் கூடாதும்மா. ஏறினா எங்க எடை அதுமேல விழும். எடை விழுந்தா தேயும். அப்புறம் ஏதாச்சும் ஆச்சுன்னா ஆய்வாளரகம் ஏறித்தான் கெட்டுதுன்னு நீங்களே சொல்லுவீங்க. நாங்க எந்தப் படியையும் இதுவரைக்கும் கெடுத்ததில்ல. அந்தப் பேரைக் காப்பாத்திக்கணும் பாருங்க."

அவள் அண்ணனைப் பார்த்தாள். ஏதாவது சொல்லேன் என்கிற பார்வை. சொல்லலாம். சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்தக் கொல்லைப்புறத்தில் நடந்துகொண்டிருப்பது அவர் எழுதிய வாக்கியம், எழுத்துக்கு எழுத்து. அவர் குனிந்து செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

சான்றிதழ் அங்கேயே, வேனின் பானெட்டில் வைத்து எழுதப்பட்டது. 'படிக்கட்டு உள்ளது. கைப்பிடி உள்ளது. குறையேதும் காணப்படவில்லை.' வீட்டுக்காரர் ஓடி வந்து அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நான்தான் சொன்னேனேம்மா! நான் என்ன உன்கிட்ட பொய்யா சொல்லப்போறேன்?" என்றார் தங்கையிடம்.

மறுநாளே அதைச் சட்டம் போட்டுப் படிக்கட்டின் பக்கத்திலேயே மாட்டினார். சுவரில் ஆணி இறங்கவில்லை என்று கைப்பிடியின் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார். சட்டத்தின் கனத்தில் கம்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வருகிற பெற்றோர் சான்றிதழை வாசித்துவிட்டுத் திருப்தியோடு பிள்ளைகளை ஏற்றினார்கள். முன்பாவது ஒவ்வொருவராகப் பார்த்துப் பார்த்து ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் இப்போது இரண்டிரண்டு பேராக விட்டார்கள்.

தங்கை விடுகிற ரகமில்லை. மேல்முறையீட்டு அலுவலர் என்று ஒருவர் இருப்பதைத் தேடிப் பிடித்து அவரிடம் போய்ச் சண்டை போட்டாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் வெளிச்சம்.

"அண்ணா, அவர் என்ன சொன்னார் தெரியுமா? ஆய்வாளரகம்னா ஏறிப் பாத்துக் குறை கண்டுபிடிக்கணும்னு எங்கயும் இல்லையேம்மாங்கறார். நான் அகராதியில இருக்கும் சார்னேன். அகராதியில அச்சாகி இருந்தா கொண்டு வா, அவங்களைக் கூப்பிட்டு ஏறிப் பாருங்கய்யான்னு உத்தரவு போடறேன்னுட்டார். நீதானே அதுல எழுதறே? அந்தப் புஸ்தகம் எப்ப வரும்?"

'ஆய்வாளரகம்' என்று தேடிப் பார்க்கிற பிறவி உலகத்தில் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதுவும் கூடப் பிறந்த பிறவி.

"வரும்மா. பைண்டிங்ல இருக்கு," என்றார் அகராதிக்காரர்.

அடுத்த வாரம் கேட்டாள். அட்டை காய்கிறது என்றார். இரண்டு மாதம் கழித்துக் கேட்டாள். அட்டை காயவே இல்லை என்றார். ஒரு நாள் தூக்கத்திலிருந்து அலறி எழுந்தார். ஒரு பிள்ளை அவர் கட்டிய கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டே கீழே விழுகிறது. கனவுதான். அவர் எழுந்து உட்கார்ந்து, தம் தலையில் தாமே அடித்துக்கொண்டு அழுதார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது எளிது. அதனாலேயே அவருக்கு வரவில்லை. படி தாங்குமா என்று தாமே சோதித்துப் பார்க்க, காப்பகம் மூடியிருக்கும் ஒரு விடுமுறை நாளில் அவர் அந்தக் கொல்லைப்புறத்துக்குப் போனார். கையில் சுத்தியல் இல்லை, அளவுகோல் இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படிக்கட்டில் ஏறினார். முதல் படியில் நின்று ஓங்கி மிதித்தார். தாங்கியது. அடுத்ததில் மிதித்தார். முனகியது. ஆனால் தாங்கியது. ஒருவேளை நன்றாகத்தான் இருக்கிறதோ, தான்தான் வீணாக மனசைப் போட்டு வதைத்துக்கொள்கிறோமோ என்று ஒரு கணம் அவருக்கு நெஞ்சு லேசாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் மேற்கொண்டு ஏறி, பாதி உயரத்தில் இருந்த ஒரு படியில் இரண்டு காலாலும் குதித்தார்.

படி அவரையும் கூட்டிக்கொண்டு கீழே போயிற்று.

வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருந்தபோது, பழங்களோடு வந்து நின்றது ஆய்வாளரகம்.

"எப்படி இருக்கீங்க?" என்று இயக்குநர் அன்பாக விசாரித்தார். பிறகு படுக்கையருகில் உட்கார்ந்தார். "நீங்க ஒரு சிக்கல் பண்ணிட்டீங்க. குறையேதும் இல்லேன்னு நாங்க சொன்ன படி எப்படி உடையும்?"

"உடைஞ்சிருச்சே சார்."

"அதான் கேக்கறேன். எப்படி உடையும்? நல்ல படி தானா உடையாது. யாராவது உடைச்சாத்தான் உடையும்."

மேலாய்வாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சேர்த்தார். "அதுவும் நீங்க ஏறி ஏறி மிதிச்சிருக்கீங்க. அது ஆய்வு. ஆய்வாளரகம் இல்லாத ஒருத்தர் ஆய்வு பண்றது சட்டப்படி குத்தம். நீங்க ஆய்வாளரகம் இல்லேங்கறதுக்கு உங்க அகராதியே சாட்சி. உங்களுக்குக் குறை தெரிஞ்சிருச்சு பாருங்க."

கேஸ் போடுவதில் அவர்களுக்கு விருப்பமில்லை. வேண்டியவராகிப் போய்விட்டார். 'நன்றாக இருந்த படியை நான் குதித்து உடைத்தேன்' என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், விஷயத்தை முடித்துக்கொள்ளலாம். சான்றிதழ் பிழைக்கும். வீட்டுக்காரர் அந்த ஒரு படியை வெல்டிங் வைத்துக்கொள்வார். காப்பகமும் வழக்கம்போல நடக்கும். நாளைக் காலை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளையும் பழங்களையும் வைத்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் தங்கை வந்தாள். கையில் கெட்டி அட்டையோடு புத்தகம். 'ஆ' தொகுதி. கடைக்கு வந்து வாரக்கணக்காகிறதாம். கட்டிலோரத்தில் உட்கார்ந்து, பக்கத்தைப் பிரித்து, சத்தமாக வாசித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி, எடுத்துக்காட்டு வரைக்கும்.

"மேல்முறையீட்டு ஆபீஸர் முன்னாடிதான் பிரிச்சுப் படிச்சேன்," என்றாள். "அவர் சிரிச்சிட்டார். அதான் சரியா வந்து சரியாப் போயிருக்காங்களேம்மா, இதுல என்ன முறையீடுன்னார்."

அகராதிக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எழுதினது யாருண்ணா? புஸ்தகம் பூரா தேடிட்டேன், பேரே போடல."

"போட மாட்டாங்க," என்றார். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். யாரோ எழுதினார்கள், மேலிடத்தில் மாற்றிவிட்டார்கள், அச்சகத்தில் குளறுபடி, எதைச் சொன்னாலும் அவள் நம்புவாள். அவர் பொய்யே சொல்லாத அண்ணன் என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"நான்தாம்மா. அவங்களை வரவைக்கணும்னு எழுதிக் குடுத்தேன். அவங்க வரணும்னா இப்படி எழுதணும்னாங்க."

அவள் புத்தகத்தை மூடினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அகராதி பிடிச்ச மனுஷா என்று நாலு வசவு விழுந்தால் தேவலை போலிருந்தது.

"காப்பகத்தை மூடிட்டேன்," என்றாள். "வேற இடம் கிடைக்கிற வரைக்கும் திறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். பெத்தவங்க வாசல்ல நின்னு சண்டை போடறாங்க. அரசாங்கமே நல்லா இருக்குன்னு சொல்லிடுச்சு, உனக்கென்ன திமிருங்கறாங்க. உங்கண்ணன் தடிமாடு மாதிரி குதிச்சா எந்தப் படிதான் தாங்கும்னு கேக்கறாங்க. நான் என்னண்ணா பதில் சொல்றது?"

அவள் அவருக்குத் தலையணையைச் சரிசெய்து, தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். தண்ணீரை வைத்துவிட்டுப் போனதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை இயக்குநரும் மேலாய்வாளரும் வந்தபோது தாள் தயாராக இருந்தது. பணிவிடைக்கு வந்திருந்த தங்கையும் கதவருகே நின்றிருந்தாள். இரவெல்லாம் யோசித்து, தம் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே மிகத் தெளிவானதை அகராதிக்காரர் எழுதியிருந்தார். அடித்தல் திருத்தல் கிடையாது.

'படி கெட்டுப்போயிருந்தது. அதனால் உடைந்தது. அது கெட்டுப்போயிருந்தது எனக்கு முன்பே தெரியும். ஆய்வாளரகத்துக்கும் தெரியும். பிள்ளைகள் ஏறும் படி என்று தெரிந்தே நாங்கள் சும்மா இருந்தோம். ஆய்வாளரகத்தை வரவழைக்க நான் பொய்யாக ஒரு பொருளும் எழுதிக் கொடுத்தேன். என்னைத் தண்டிக்க வேண்டும்.'

கீழே கையெழுத்து. அதை அவர் நீட்டினார். இவர்கள் கத்துவார்கள், கேஸ் போடுவார்கள், வேலை போகும். போகட்டும். ஊரறியட்டும். விசாரணை என்று வந்தால் அந்தப் படிக்கட்டில் யாராவது ஒருவர் ஏறித்தானே ஆக வேண்டும்!

மேலாய்வாளர் தாளை வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்.

"வாக்குமூலம் இருக்கா?" என்று கேட்டார் இயக்குநர்.

"இருக்கு சார்," என்றார் மேலாய்வாளர்.

"கையெழுத்து இருக்கா?"

"இருக்கு சார்."

"படிச்சுப் பாருங்க சார்," என்றார் அகராதிக்காரர். "தயவுசெஞ்சு ஒரு தடவை படிச்சுப் பாருங்க."

இயக்குநர் அவர் கையை ஆதரவாகத் தட்டிக்கொடுத்தார். "எதுக்கு? உங்களை நம்பாம வேற யாரை நம்பப்போறோம்?" பையிலிருந்து முத்திரையை எடுத்து, தாளை மேஜைமேல் வைத்துத் தட்டினார். 'குறையேதும் காணப்படவில்லை.' மை காய ஊதி, கோப்பில் வைத்து நாடாவால் கட்டினார். "நிம்மதியா இருங்க. இனிமே உங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

அவர்கள் போன பிறகு தங்கை வந்து அண்ணனின் போர்வையை இழுத்துக் காலை மூடினாள்.

"உன் மேல குத்தமில்லேன்னு அவங்க சொல்லிட்டாங்க," என்றாள். "நான் இன்னும் சொல்லலண்ணா."